இருபத்தைந்து கிலோமீட்டர்

என் மனைவியின் வலது கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறது. உளுந்தம்பருப்பில் பாதி அளவு. அந்தக் கண்ணால் அவளுக்கு வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. முப்பத்தோரு வருடங்களாகத் தலையைச் சற்றுத் திருப்பி இடக்கண்ணால்தான் என்னைப் பார்க்கிறாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. படி ஏறினால் படிகளை எண்ணுவேன். மாத்திரை அட்டையைத் தினம் இரண்டு முறை எண்ணுவேன், அப்போதும் சந்தேகம் தீராது.

மகள் வயிற்றுப் பேத்தி ஜெர்மனியில் பொது சுகாதாரம் படிக்கிறாள். சாதாரணக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியும் கல்லூரியும் எந்த அளவுக்கு எட்டுகின்றன என்று இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டு அவள் கட்டுரை எழுத வேண்டும். அங்கே காய்ச்சலோடு போனபோது காப்பீட்டு அட்டையைக் காட்டினாளாம், அன்றைக்கே வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டார்களாம். "இங்க டாக்டருக்கும் சரி, காலேஜுக்கும் சரி, யாரு வீட்டுப் புள்ளைன்னு கேக்க மாட்டாங்க தாத்தா. நம்ம வீட்ட வச்சே எழுதப் போறேன். அம்மா காலேஜ் போன கதை, அம்மாச்சி கண்ணு போன கதை, ரெண்டையும் சொல்லுங்க" என்றாள்.

முதல் கதையைப் பெருமையாகச் சொன்னேன். தஞ்சாவூரில் கல்லூரி, இருபத்தைந்து கிலோமீட்டர், எங்கள் நிறுத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினோரு பஸ், மூன்று வருடத்தில் உன் அம்மா போகாதது நான்கே நாள். இரண்டாவது கதைக்கு ஒரே வரிதான். "அந்தக் காலத்துல நம்ம பக்கம் அவ்வளவு வசதி இல்லம்மா." பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. பிறகு மறுபடி ஆய்ந்தது.

நடந்தது இதுதான். தை மாத அறுவடை. களத்தில் நெல் தூற்றியவர்கள் ஒன்பது பேர். காற்று திரும்பிப் பதர் முகத்தில் அடித்ததில் இரண்டு பேருக்குக் கண்ணில் சுணை குத்திவிட்டது. ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி எங்கள் வயலில் நடவு நட்ட பெண். "காலையில அவ தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போறாளாம், நானும் கூடப் போயிட்டு வந்துடுறேங்க" என்றாள் என் மனைவி. "நம்ம வயல்ல நடவு நடுறவ பக்கத்துக் கட்டில்ல நீ போய்ப் படுக்கப் போறியா?" என்று கேட்டேன். அவள் அதன் பிறகு கேட்கவில்லை.

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினேன். மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து விட்டேன். மூன்றாம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. பதினோரு நாள் கழித்துக் கும்பகோணத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாச்சு?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னேன். "நாலு நாள்."

பங்குனியில் அந்தப் பெண் உளுந்து பறிக்க வந்தாள், இரண்டு கண்ணும் தெளிவாக. நான் அன்று வயல் பக்கம் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர் என்று ஓய்வுபெற்ற நாளில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, புரொபசர் ஒரு கேள்வி கேட்டாரு. காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒரே ஊரு. அம்மா காலேஜ் போயிட்டிருந்தப்பதானே அம்மாச்சி கண்ணு போச்சு? பஸ்ஸு இருந்துச்சே? நாளைக்குக் கட்டுரையக் குடுக்கணும். வசதி இல்லைன்னே போட்டுடவா?"

போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம் இருந்தது. அது தீர்ந்துவிடாதா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இருந்துச்சும்மா. பதினோரு பஸ் இருந்துச்சு. ஆஸ்பத்திரியும் இருந்துச்சு. நான்தான் விடல."

"ஏன் தாத்தா?"

அன்று மனைவியிடம் கேட்டதை வார்த்தை மாறாமல் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அவள் முகம் அசையாமல் அங்கேதான் இருந்தது.

"பதினொண்ணு இல்ல, பன்னெண்டு" என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பாமல். "காலைல ஆறு மணி பஸ்ஸ உந் தாத்தா எண்ணாம விட்டுட்டாரு. சரியா எழுதிக்க. அன்னிக்கு அவ அதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. துண்டப் போட்டு எனக்கும் எடம் புடிச்சு வச்சிருந்தா."