காடிக் கரையில் கொட்டிய தரை

தரை என்றால் எனக்கு நினைவு வருவது, காலை வைத்ததும் மெத்தென்று அமுங்கி, எடுத்ததும் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஊறி வருவதுதான். பம்பாயில் தாராவி ஓரத்து ஆற்றை நாங்கள் "காடி" என்போம். எண்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த எங்களுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. கரையில் சேறுதான் இருந்தது. அதை நாங்களே தரையாக்கினோம். அப்பா தோல் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு நிறையத் தோல் துண்டு கொண்டுவருவார். அம்மா குயவர் தெருவில் உடைந்த சட்டியும் சூளைச் சாம்பலும் அள்ளி வருவாள். ஒரு மழைக்கு எல்லாம் உள்ளே போய்விடும். திரும்பவும் கொட்டுவோம்.

குடிசையைப் பிரிக்க மாநகராட்சி வண்டி வரும். குடிசை போனால் கட்டிக்கொள்ளலாம். ஆள் எழுந்த இடத்தில் முள்கம்பி கட்டிவிடுவார்கள். தரை போனால் போனதுதான்.

ஒரு நாள் வண்டி வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அப்போதுதான் உலையில் அரிசி போட்டிருந்தாள். ஆட்களை ஏவுகிற "முகாதம்" எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். எழுந்திருக்கச் சொன்னார்.

"சோறு வேகட்டும் அண்ணாச்சி. எறக்கிட்டு எந்திரிக்கேன்."

எரிகிற அடுப்பை மிதிக்க அவருக்கு மனசு வரவில்லை. கூரையைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அம்மா கிண்டுவாள், ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். தகரம் போயிற்று, மூங்கில் போயிற்று. வெயிலில் அம்மாவும் அடுப்பும்தான் மிச்சம்.

பக்கத்துக் குடிசை மைமூன் அக்கா தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ஏட்டி செல்வி, ஒங்கம்மை அரிசியப் போட்டாளா, கல்லப் போட்டாளா?"

முகாதமும் சிரித்துவிட்டார். விறகு தீரட்டும், பார்க்கிறேன் என்றார். தீர்ந்தது. மைமூன் அக்கா மூட்டையை அவிழ்த்தாள். தன் விறகில் பாதியை அம்மா பக்கத்தில் போட்டாள். மீதியை வைத்துத் தன் இடத்திலும் அடுப்பு மூட்டினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

சாயங்காலம் வண்டி தகரத்தோடு திரும்பிற்று. முள்கம்பியை இறக்கவே இல்லை.

அப்பா வந்தார். வீடு இல்லை. கூழாய்ப் போன சோற்றைக் குடித்துவிட்டு மூங்கில் தேடப் போனார்.

அதற்கப்புறம் வண்டி தலை தெரிந்தால் வரிசை முழுக்க "ஒல வைங்கட்டி" என்று குரல் போகும்.

இன்று அங்கே மாடி வீடுகள். காடிக்கும் எங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள், தண்ணீர் கண்ணில் படுவதில்லை. அம்மாவும் இல்லை, மைமூன் அக்காவும் இல்லை. வீடுகளை அளந்து கணக்கெடுக்க வருகிற பிள்ளைகள், இந்த இடத்துக்கு எப்போது வந்தீர்கள் என்று இந்தியில் கேட்கிறார்கள். நாங்கள் வந்தபோது இந்த இடமே இல்லை என்கிறேன்.