டொக்டர் என்று சொன்ன பிள்ளை

எழுவைதீவு மாதா கோயில் மண்டபத்தில் அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும், தாய்மார் ஆறு பேரும், ஒரேயொரு தகப்பனும் இருந்தார்கள். மற்றத் தகப்பன்மார் கடலில். அந்த ஒருவரும் காலில் திருக்கை முள் குத்தி வீங்கியிருந்ததால்தான் வந்திருந்தார். வருவதாகச் சொன்ன பாதர் வரவில்லை.

கூட்டத்தைக் கூட்டியவன் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் எழுதியதைப் பார்த்து நானும் எழுதினேன். அது எத்தனை கதவுகளைச் சாத்தியது என்பது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. இந்தப் பிள்ளைகளுக்காவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கியிருந்தேன்.

அன்று பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, "என்னவா வரப்போறீர்? எல்லாருக்கும் கேட்கச் சொல்லும்," என்றேன். வாய்விட்டுச் சொன்னால் அதற்காகப் படிப்பார்கள் என்று நம்பினேன்.

முதல் பிள்ளை டொக்டர் என்றாள். இரண்டாவது பிள்ளையும் டொக்டர் என்றாள்.

"ஊசி போட வந்தவையைக் கண்டு பள்ளிக்கூட வாங்குக்குக் கீழ ஒளிச்சவள், டொக்டராம்!" என்று ஒரு தாய் பகிடி பண்ண, மண்டபமே சிரித்தது. வீங்கிய காலை நீட்டியபடி கதிரையில் இருந்த தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது பிள்ளை அவருடைய மகள்.

இரண்டு வருடம் கழித்துச் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. அவள் நன்றாகச் செய்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கான விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"அண்ணை, கணிதப் பிரிவு எண்டு போடுங்கோ. உயிரியல் என்னால ஏலாது. அண்டைக்குக் கூட்டத்தில எனக்கு முன்னம் எழும்பினவள் சொன்னதைத்தான் நானும் சொன்னனான்."

"வீட்டில சொன்னனீரோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அப்பா மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டார்."

கூட்டம் முடிந்த அன்றே வைத்திருக்கிறார். மகள் டொக்டரானால் தன் படகின் எஞ்சினைக் கோயிலுக்குக் கொடுப்பதாக. ஊருக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

நான் போனபோது தகப்பன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் தலை நிமிராமலே கேட்டார்.

"தம்பி, மனுசருக்குச் சொன்னதெண்டா மாத்தலாம். நீர்தானே எல்லாருக்கும் கேட்கச் சொல்லச் சொன்னனீர்? மாதாவுக்கும் கேட்டிட்டுது."

"பிள்ளைக்கு விருப்பமில்லை, அண்ணை."

"நான் விருப்பத்திலயோ கடலுக்குப் போறன்?"

அவள் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றாள். அவரையும் அவளையும் என்னையும் கட்டிப்போட்டது என்னுடைய ஒரு கேள்வி.

புதன்கிழமை பாதரிடம் போனேன். "நேர்த்தி வைச்ச ஆளைத்தான் அது கட்டும், பிள்ளையைக் கட்டாது. ஆளை வரச்சொல்லும்," என்றார். தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதர் சொன்னதையெல்லாம் கைகட்டி நின்று கேட்டார். அடுத்த நாள் கணிதப் பிரிவு என்று எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

பேனையைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "அப்ப அது என்னைக் கட்டுது. மாதாவிட்டக் கேட்டதை நான் மாத்திப்போட்டன். குடுக்கிறனெண்டதையும் மாத்தினா நான் என்ன மனுசன்?"

பாதர் வேண்டாம் என்றார். "எஞ்சினை வைச்சுக் கோயில் என்ன செய்யிறது?" என்றும் கேட்டார். தகப்பன் அதைக் கழற்றி ஊர்காவற்றுறையில் விற்று, காசைக் கோயில் உண்டியலில் போட்டார். அடுத்த கிழமையிலிருந்து வேறொருவரின் படகில் கூலிக்குப் போனார். அவருடைய மனைவி என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வா.

விடுதிக்குப் போகிற அன்று இறங்குதுறையில் அவள் கேட்டாள்: "அண்ணை, கணிதத்தில பெயில் விட்டா?"

"விடமாட்டீர்."

"இனி விட ஏலாது," என்றாள்.

எஞ்சின் என்ன விலைக்குப் போனது என்று கேட்க எனக்கு அதுவரை துணிவு வரவில்லை. அன்று கேட்டேன். படகில் ஏறி இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்.