கிழிந்த தொடையும் கறுப்புப் பட்டியும்

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இல்லை என்று நான் இதுவரை யாரிடமும் வாதாடியதில்லை. நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பகல் முழுவதும் நண்டுக் கம்பெனியில் நின்றபடி சதை எடுத்துவிட்டு, மாலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பங்குக் கோயில் மண்டபத்தில் கராத்தே பழகுகிறவளுக்கு அது கொஞ்சமாவது இருக்கத்தானே வேண்டும்?

உண்மையில் பழகப் போனது என் மகள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் காத்திருந்தவள். மூன்று மாதத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. எனக்கோ வெளியே இருந்து பார்த்துப் பார்த்துக் கை கால் துருதுருத்தது. அவள் நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். ஐந்து வருடமாகியும் நகரவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் என்னில் பாதி வயதுக்காரர்கள். சொல்லித்தரும் மாஸ்டர்கூட என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கறுப்புப் பட்டிக்கான சோதனை வருடத்துக்கு ஒருமுறை வவுனியாவில் நடக்கும். எங்கள் வகுப்பிலிருந்து அதுவரை ஒருவரும் அதற்குப் போனதில்லை. முதலாவதாக என் பெயரை அனுப்பியிருந்தார் மாஸ்டர். அதற்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் என் கால் போனது.

அன்றைக்கு எருக்கலம்பிட்டிப் பக்கத்திலிருந்து நண்டு கொள்ளையாக வந்திருந்தது. வேலை முடிய நேரமாகிவிட்டது. நான் மண்டபத்துக்கு ஓடிப்போனபோது எல்லோரும் உடம்பைச் சூடாக்கி முடித்து உதைகளுக்கு வந்திருந்தார்கள். என்னுடையவையோ பகல் முழுக்க ஒரே இடத்தில் நின்று விறைத்த கால்கள். அதை யோசிக்காமல் வரிசையில் புகுந்து, இருப்பதிலேயே உயரமான உதை ஒன்றை விட்டேன். வலது தொடையின் பின்பக்கத்தில் யாரோ கயிற்றை அறுத்தது போல இருந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து செய்ததுதான் அதைவிடப் பெரிய பிழை. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடல் தொழிலுக்குப் போகிறவருக்குச் சதை பிடித்தால், எண்ணெயைச் சூடாக்கி, கத்தக் கத்த உருவி, அடுத்த நாள் விடிய வள்ளத்தில் ஏற்றிவிடுவதுதான் இங்கே வழக்கம். மீன் படுகிற நாட்களில் யார் வீட்டில் கிடந்து காலை ஆற்றுவது? என் கணவரும் கடலுக்குப் போகிறவர். நல்லெண்ணெயைச் சுடவைத்து, வலை இழுத்துக் காய்த்த கையால் அரை மணி நேரம் உருவினார். பாசத்தோடுதான் உருவினார். காலையில் பார்த்தால் தொடை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஃபிசியோ பார்க்கிறவள் பெரியமடுப் பக்கத்துப் பிள்ளை. என் தொடையைக் கண்டதும் அவள் திரும்பி என் கணவரைப் பார்த்து, யார் உருவியது என்று கேட்டாள். அவர் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினார். சதை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, உள்ளே இரத்தம் கசிகிற இடத்தைச் சூடாக்கித் தேய்த்தால் இன்னும் கசியத்தான் செய்யும் என்று அவள் விளக்கினாள். முதல் சில நாட்களுக்கு ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் போல வைத்து எடுக்க வேண்டும், அளவாகக் கட்டுப் போட வேண்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், நோகாத அளவுக்கு மட்டும் நடக்க வேண்டும். உருவல் கூடவே கூடாது.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலிலிருந்து எது கரையேறினாலும் மறுபேச்சில்லாமல் ஐஸில் போடுகிற ஆட்கள் நாங்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் மீன் வைக்கிற இரண்டு றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. பாரை மீனுக்குக் காட்டிய அக்கறையை என் தொடைக்கு ஒருவரும் காட்டவில்லை. அன்றிலிருந்து மீனுக்கு வாங்கும் ஐஸில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

பத்தாம் நாள் நடக்கும்போது நோவோ வலியோ இல்லை. அதுதான் பொல்லாத கட்டம் என்று இப்போது தெரியும். மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று மணி நேரம் சமாளித்துவிடலாம், இந்த முறை விட்டால் இனி அடுத்த வருடம்தான் என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். தன் வகுப்பின் முதல் கறுப்புப் பட்டி என்று நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார், பாவம். எனக்கும் ஆசை யாரை விட்டது? அடுத்த வருடம் எனக்கு நாற்பது வயதாகிவிடும். போகலாமா என்று ஃபிசியோப் பிள்ளையிடம் கேட்கப் போனேன்.

அவள் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் குதிக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, மடக்கச் சொன்னாள். இடது கால் அவள் கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. வலது கால் பாதியில் நின்று நடுங்கியது.

“நோ முதல் போயிடும் அக்கா. சதை பொருந்துறது பிறகுதான். ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சுத்தான் எல்லாரும் திரும்பக் கிழிச்சுக்கொண்டு வருகினம்.”

நான் போகவில்லை. வவுனியாவில் சோதனை நடந்த அன்று நான் கம்பெனியில் நண்டுச் சதை எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்தது. அவித்த நண்டின் ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று பக்கத்தில் நின்றவளிடம் சமாளித்தேன். பயந்துவிட்டாள் என்று ஊரில் சிலர் கதைத்ததும் காதில் விழுந்தது. இருபது பேரோடு சண்டைக்கு நிற்பதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அந்த நாளைப் பற்றி இன்றும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன்.

ஆறேழு கிழமைக்குப் பிறகு ஃபிசியோப் பிள்ளை ஒரு பயிற்சி காட்டித் தந்தாள். பாயில் முழந்தாளிட்டு, யாராவது கணுக்கால்களை அமத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் உடம்பை முன்னால் மெல்ல மெல்லச் சரிக்க வேண்டும். இனி முடியாது என்கிற இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். நீளும்போதே பாரம் தாங்கத் தொடைச் சதை அதில் பழகுகிறது. உதைக்கும்போது கிழிவதும் அப்படி நீளும்போதுதானாம். கடலால் வந்து குளித்துவிட்டு என் கணவர் கணுக்கால்களை அமத்திக்கொண்டு இருப்பார். முதல் நாள் நான் சரிந்தேன் என்று சொல்ல ஏலாது, தொப்பென்று விழுந்தேன். தலையணைதான் மூக்கைக் காப்பாற்றியது. வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, மடு மாதாவுக்கு நேர்த்திக்கடனா என்று பக்தியோடு கேட்டார்.

“ஓம் அக்கா, கறுப்புப் பட்டி நேர்த்தி” என்றார் என் கணவர். எண்ணெய் போட்டு உருவியதற்கு மனுசன் மாதக்கணக்கில் இப்படிப் பரிகாரம் செய்தார்.

மண்டபத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. அதுவரை வந்ததும் வராததுமாக நிலத்தில் இருந்து காலை விரிக்க, முதுகை ஒருவர் அமத்துவதுதான் எங்கள் ஆரம்பம். ஆறிக்கிடக்கிற சதையை அப்படி இழுக்கக் கூடாது என்றேன். முதலில் வியர்க்கும்வரை நடந்து ஓட வேண்டும், பிறகு காலைத் தாழ வீசிப் படிப்படியாக உயர்த்த வேண்டும், பிந்தி வந்தவர்கள் மூலையில் தனியாக அதைச் செய்துவிட்டுத்தான் வரிசைக்கு வர வேண்டும். மாஸ்டருக்கு முகம் கறுத்தது. ஒரு மாதம் போக, பிந்தி ஓடிவந்த ஒரு பிள்ளையை அவராகவே மூலைக்கு அனுப்பினார். நான் கவனிக்காதது போல நின்றுகொண்டேன்.

அடுத்த வருடச் சோதனைக்கான படிவத்தில், முன்பு காயம் ஏதும் பட்டதா என்று ஒரு கேள்வி இருந்தது. வெறுமையாக விடச் சொன்னார் மாஸ்டர். எழுதினால் அந்த இடத்தைத்தான் தோண்டிப் பார்ப்பார்கள் என்றார். தொடைச் சதை கிழிந்து, பிறகு மாறிச் சுகமானது என்று நான் முத்து முத்தாக எழுதினேன். ஒரு வருடம் பாடுபட்டு மாற்றியதை ஏன் மறைக்க வேண்டும்?

மாஸ்டர் சொன்னபடியே நடந்தது. நடுவில் இருந்த பரிசோதகர், தெற்கிலிருந்து வந்த நரைத்த சிங்களவர், படிவத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்களுக்குக் காலுக்குப் பத்து உதை. எனக்கு மட்டும் இருபது என்றார். நான் உதைக்க உதைக்க அவர் கதிரையை விட்டு எழுந்து என்னைச் சுற்றி நடந்தார். பதினைந்துக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. முகத்துக்கு நேரே உயர்ந்த கால்கள் இருபதாவது உதையிலும் அங்கேயே உயர்ந்தன.

மாலையில் என் பெயரைக் கூப்பிட்டுப் பட்டியைத் தந்தார்கள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன். மேடையிலிருந்து கீழே இறங்கும்போது அந்தப் பரிசோதகர் என்னை நிறுத்தித் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“எந்தக் கால்?”

“வலது கால், சேர்.”

அவர் குனிந்து என் இரண்டு கால்களையும் இன்னொரு தரம் பார்த்தார்.

“நான் இடது எண்டு நினைச்சது” என்றார்.