தாழ்ப்பாளுக்கு மூன்று படம்

பெரியக்காவுக்கு அந்த வீட்டில் கதவு கிடையாது. தம்பி குடும்பத்தோடு இருந்த இத்தனை வருஷமும் கூடத்து சோபாதான் படுக்கை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க யார் யாருடைய விரிப்புகளையோ மடித்துவிட்டு வந்து, கடைசி ஆள் டிவியை அணைக்கும்வரை தன் விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

அதனால்தான் யாரிடமும் மூச்சுவிடாமல் ஓர் அறை பார்த்தாள். சாவி கைக்கு வந்தபின் சொன்னால் போதும் என்றிருந்தாள். ஆனால் ஆசை விடவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஜன்னல், குழாய், கதவின் உள்தாழ்ப்பாள்.

அந்த போனை வாங்கி எல்லாம் போட்டுக் கொடுத்தவன் தம்பி. அதில் எடுக்கிற படம் வீட்டு டிவிக்கும் போகும் என்று அவன் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா கிடந்த டிவி தானாகப் படம் காட்டத் தொடங்கியது. போன வருஷத்துப் பிறந்தநாள் கேக். அடுத்து ஒரு காலி அறை.

"இது யார் வீடு?" என்றான் தம்பி.

பெரியக்கா ரிமோட்டைத் தேடி சோபா இடுக்கில் துழாவினாள்.

"அட, தாழ்ப்பாள்!" என்றாள் தம்பி மனைவி. "இன்னொரு தாழ்ப்பாள். மூணாவதும் அதேதான்! என்னக்கா, தாழ்ப்பாளுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"நான் தனியாப் போறேன்."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்த பேச்சில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"வாயத் திறந்து சொன்னா காலையா கட்டிப் போட்டுடுவோம்? டிவியப் பாத்துத்தானா நான் தெரிஞ்சுக்கணும்?" தம்பியின் குரல் கம்மியது. அவள் எதிர்பார்த்தது சண்டையை. இதை அல்ல.

போகிற அன்று மெத்தையை அவனே தோளில் தூக்கி வந்தான். கூடவே டிரில்லும். அறைக்கு வெளியே, கதவுக்கு மேல், ஒரு குட்டிக் கேமராவைப் பொருத்தினான்.

"வெளியே மட்டுந்தான்க்கா. உனக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெத்தை தூக்கியவனிடம் எப்படி வேண்டாம் என்பது?

மறுநாள் வேலை முடிந்து வந்து, திறந்து, உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. தம்பிதான்.

"என்னக்கா, சாவி கிடைக்கலயா? ரொம்ப நேரம் நின்னே. கையில என்ன பை?"

"தலகாணி."

"நம்ம வீட்ல இல்லாத தலகாணியா?"

பேசி வைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். மறுபடி போன். இந்தத் தடவை தம்பி மனைவி.

தாழ்ப்பாளை நீக்கி, அடித்துக்கொண்டிருந்த போனை வெளியே மிதியடிமேல், கேமராவுக்கு நேர் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது அடித்து ஓய்ந்தது. யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? தம்பி பதறி ஓடிவந்தால்? தலையணையை அணைத்தபடி, தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல், படியில் காலடி கேட்கிறதா என்று நின்றுகொண்டிருந்தாள்.