தாய்ப்பத்திரம் இல்லாத வரி

அஷ்டமி, நவமி, கரிநாள் என்றால் பதிவு அலுவலகம் ஈ ஓட்டும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் நிலம் வாங்கிப் பதியமாட்டார்கள். அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தராக உட்கார்ந்திருந்த நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற லுத்தரன். ஆனாலும் பஞ்சாங்கம் எனக்கு மனப்பாடம். பத்திரம் இல்லாத அந்த நாட்களில்தான் கலைக்களஞ்சியம் எழுதப் பழகினேன்.

முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலம் போய், கம்ப்யூட்டரில் அடிக்கும் காலம் வந்திருந்தது. தஞ்சாவூரைச் சுற்றி நடவு வயல்களில் எல்லைக்கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மனை வாங்கியவர்களில் பாதிப்பேர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். மனைவியோ மச்சினனோ வந்து கையெழுத்துப் போடுவார்கள். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்ததும் எனக்குக் கை அரித்தது. வாய்க்கால், மதகு, ஏரி என்று எழுதித் தள்ளினேன். எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆதாரமில்லாத வரியைக் கண்டால் அதைவிட அதிகமாக வரும். அப்படிப்பட்ட வரிகளுக்குப் பக்கத்தில் "சான்று தேவை" என்று ஒரு குறி போடும் வசதி அங்கே உண்டு. ஊரார் வரிகளிலெல்லாம் அதைக் குத்திக்கொண்டே போவேன்.

அப்படி நான் ஆரம்பித்த பக்கங்களில் ஒன்று, புதுஆற்றங்கரையில் இருந்த செல்லப்பிராணிகள் நலச் சங்கத்தைப் பற்றியது. ஒரு ரைஸ்மில் குடும்பம், பிள்ளைகளெல்லாம் அமெரிக்கா போனபிறகு, நெல் காயப்போட்ட களத்தையும் கொட்டகையையும் அந்தச் சங்கத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது. பத்திரம் எழுதியவன் நான். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்தேன். ஒரு இடம் எப்படி இன்னார் கைக்கு வந்தது என்று காட்டும் முந்தைய பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்போம். அதையும், அதற்கு முந்தையதையும், அதற்கும் முந்தையதையும் தேடிப் படித்தேன். தாய்ப்பத்திரம் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்கும் நான் பேனா எடுத்ததில்லை.

அங்கே தெருநாய் குறைவு. விசா வந்த வீட்டு நாய்கள்தான் அதிகம். ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும் அன்று காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சில நாய்கள் கேட்டைப் பார்த்தபடியே நாலு நாள் சாப்பிடாமல் கிடக்கும் என்று சொன்னார்கள்.

பத்திரத்தைக் கொடுக்கப் போன அன்று ஒரு கால்நடை மருத்துவர் ஒரு நாயைப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாய், ஒரே ஒரு ஊசி. என்ன ஊசி என்றுகூட நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன்: "இங்குள்ள எல்லா நாய்களுக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது." வாக்கியம் அழகாக வந்து விழுந்தது. யாரோ வந்து அதில் "சான்று தேவை" குத்திவிட்டுப் போனார்கள். எனக்கேவா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாளிதழின் மாவட்ட இணைப்பில் அந்தச் சங்கத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. அதில் என் வரி, எழுத்து மாறாமல் இருந்தது. நிருபர் என் பக்கத்தைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோபம் வந்திருக்கவேண்டும். நானோ மனம் குளிர்ந்துபோனேன். அச்சில் வந்தால் அது சான்று. அந்தக் கட்டுரையையே என் வரிக்குச் சான்றாகக் கொடுத்தேன். குறியை எடுத்துவிட்டார்கள். நிலப் பத்திரத்தில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவனை அலுவலக வாசலிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண்மணியும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும் இருந்தார்கள். வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். வீட்டைச் சுற்றி நாலு காலி மனை, அதைத் தாண்டினால் வயல். பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு நாய் வளக்கலாம்னு பாக்கறேன். எங்க கிடைக்கும்?"

கம்ப்யூட்டரைத் திறந்து என் பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பேப்பர் கட்டுரையையும் கொடுத்தேன்.

"ஊசியெல்லாம் போட்டுத்தான் குடுப்பாங்களாண்ணே?"

"அதான் போட்டிருக்கேம்மா, படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் போய்ப் பழுப்பு நிறத்தில் ஒரு நாயைக் கூட்டிவந்தார். நல்ல நாயாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் ஒரு நவமியன்று, பக்கத்தைப் புதுப்பிக்கலாம் என்று சங்கத்துக்குப் போனேன். இப்போது எத்தனை நாய், புதுக் கொட்டகை முடிந்ததா என்று கேட்டு எழுதுவதாக எண்ணம். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒற்றை ஆள். சோறு வடிப்பது, கூண்டு கழுவுவது, கணக்கெழுதுவது எல்லாம் அவர்தான். ஊசி நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேலாக வெறும் பக்கங்கள்.

"டாக்டர் திருத்துறைப்பூண்டிக்கு மாத்தலாகிப் போயிட்டாருங்க சார். அதுக்கப்புறம் யாரும் வரலை."

"அப்ப இந்த நாய்ங்களுக்கெல்லாம்?"

"வீட்டு நாய்ங்கதானே சார். விட்டுட்டுப் போனவங்களே போட்டிருப்பாங்க." பிறகு சுவரைக் காட்டினார். "பேப்பர்லயே வந்திருக்குங்களே."

அந்தக் கட்டுரையை லேமினேட் செய்து மாட்டியிருந்தார். அவருக்குச் சான்று பேப்பர். பேப்பருக்குச் சான்று நான். எனக்குச் சான்று பேப்பர். நாய்க்கு ஊசி போட்டவர்தான் யாரும் இல்லை.

"எங்க எதிர்வீட்டுக்குக் குடுத்தீங்களே, பழுப்பு நாய்?" என்று கேட்டேன்.

"அது டாக்டர் போனதுக்கப்புறம் வந்ததுங்க சார்."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றே ஒரு ஊசி போடச் சொல்லிவிடலாம், வரியைத் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எதிர்வீட்டு வாசலில் பாப்பா உட்கார்ந்திருந்தது. கெண்டைக்காலில் மஞ்சள் அப்பியிருந்தது.

"என்ன பாப்பா?"

"நாய் கடிச்சிருச்சு மாமா."

அதன் அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "ஒம்பது நாளாச்சுண்ணே. நாய் சாப்பிடறப்பத் தட்டை இழுத்திருக்கா, பல்லு பட்டுருச்சு. மறுநாளே அது அவுத்துக்கிட்டு வயக்காட்டுப் பக்கம் ஓடிப்போச்சு. இன்னும் காணோம்."

பத்து வயதில் பேராவூரணியில் ஒரு உறவுக்காரர் தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலை பார்த்த ஒருவரை, அறையில் அடைத்துவைத்திருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நாய் கடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் டம்ளரைக் கண்டதும் அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் இல்லை. நோய் வெளியே தெரிந்துவிட்டால் வைத்தியம் கிடையாது என்பது எனக்கு அன்றிலிருந்தே தெரியும்.

"எதுக்கும் ஒரு ஊசி போட்டுடுங்களேன்" என்றேன், முடிந்த அளவு சாதாரணமாக.

அவர் சிரித்தார். "ஊசி போட்ட நாய்தானேண்ணே, நீங்கதானே காட்டுனீங்க. இவளுக்கு ஊசின்னா வீடே ரெண்டாகும். தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்களாமே."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். "ஆமாமா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். அந்த ஆமாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. ஒரு குழந்தையின் உயிரை ஒரு பக்கமும், ஊரில் விஷயம் தெரிந்தவன் என்று எனக்கிருந்த பேரை ஒரு பக்கமும் வைத்து, நான் பேரைப் பார்த்தேன்.

மனைவி சோறு போட்டாள். பிசைந்தேன், வாய்க்குப் போகவில்லை. என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எழுந்திருங்க."

"சாப்பிட்டுட்டு..."

"எழுந்திருங்கங்கறேன்."

எச்சில் கையைக் கழுவிவிட்டுப் போனேன். இந்த முறை வாசலிலேயே நின்று சொன்னேன். "தங்கச்சி, அந்த வரி நான் எழுதுனது. எங்கிட்ட யாரும் சொல்லலை, நானா எழுதுனேன். பேப்பர்க்காரர் என்னைப் பாத்து எழுதுனாரு. அந்த நாய்க்கு அங்க ஊசி போடலை."

அவருக்கு முதலில் புரியவில்லை. "பேப்பர்ல வந்ததாச்சேண்ணே?" என்றார். அதுவும் என் வரியேதான் என்றேன். அப்புறம் அவருக்குப் புரிந்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார். நான் வண்டியில் பின்னால் போனேன்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்தார். "ஒம்பது நாளா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" பாப்பாவின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதைச் சுற்றியே ஒரு மருந்தை ஏற்றினார்கள். பாப்பா போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அதன் கால்களை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு ஊசி. ஒரு மாதத்துக்குள் இன்னும் நாலு.

"இனிமே பயமில்லைங்களே டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"கடிச்ச அன்னைக்கே வந்திருக்கணும். இப்பவாவது வந்தீங்களே. பாக்கலாம்மா. நாய் பத்து நாள் கழிச்சும் நல்லா இருந்தா கவலை இல்லைன்னே சொல்லிடுவேன். நாய் எங்க?"

மறுநாள் பத்தாவது நாள். விடிந்ததிலிருந்து வாய்க்கால் கரை கரையாக அந்த நாயைத் தேடினேன். கதிர் முற்றின வயலுக்குள் ஒரு நாய் படுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? அறுவடை மெஷின் ஓட்டுபவரைக் கேட்டேன், வாத்து மேய்ப்பவரைக் கேட்டேன். எல்லாரும் ஒரு பழுப்பு நாயைப் பார்த்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் எல்லாம் வேறு நாய். மத்தியானம் ஒரு மதகு நிழலில் உட்கார்ந்து, எந்த நாயாவது உயிரோடு கிடைக்கட்டும், அதுதான் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இன்னொரு பொய்க்கு நான் துணிய ஒரு நாள்கூட ஆகவில்லை. வெறுங்கையோடு வந்தேன்.

அந்தப் பாப்பா இப்போது காலேஜ் படிக்கிறாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தது போதும், படிக்கிறவர்கள் பயப்படவேண்டாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஒரு மத்தியானம் அவள் விளையாடிவிட்டு வந்து, அம்மா நீட்டிய தண்ணீர் டம்ளரை வேண்டாம் என்று தள்ளினாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "வெந்நியா இருக்கும்மா, பானைத் தண்ணி குடு" என்றாள். மோந்து கொடுத்தார். மடமடவென்று குடித்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே கலைக்களஞ்சியத்தில் அந்த வரியை நீக்கியிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் திரும்பி வந்திருந்தது. கனடாவில் இருந்த, நான் முகமறியாத ஒருவர் அதை மீட்டு வைத்து, "சான்றுள்ள வரியை நீக்கக் காரணம் தேவை" என்று குறிப்பும் எழுதியிருந்தார். நான் எத்தனையோ பேருக்கு எழுதிய அதே வாசகம். மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. நோட்டை என் கண்ணால் பார்த்தேன் என்று அங்கே எழுத முடியாது. கண்ணால் பார்த்தது அங்கே செல்லாது, அச்சில் வந்ததுதான் செல்லும். அந்த விதிக்காக நானே பலரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். வரி அங்கேயே நின்றது. எந்த ஊரில் யார் அதைப் படித்துவிட்டு நாய் வாங்கப் போகிறார்களோ என்று பயந்தேன். கடைசியில், எழுதுகிறவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் என் பெயரில் நாலு வரி எழுதினேன். அந்தத் தகவல் என் கற்பனை, பேப்பர் என்னிடமிருந்து எடுத்தது, அதையே நான் சான்றாகக் காட்டினேன், மன்னிக்கவும். வரி போயிற்று. சங்கத்துக்காரரும் நானும் நாய் வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் நேரில் போய்ச் சொன்னோம். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

கடைசி ஊசி போட்ட அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து எனக்கு போன் வந்தது. பாப்பாவின் அப்பா. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரலை. லீவு கேட்டேன், குடுக்கலை. பாஸ்போர்ட்டு கம்பெனிகிட்ட இருக்கு. தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே. பாப்பாக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாப் போதும்."

ஆகாது என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வாசலில் பாப்பா ஒற்றைக் காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது.

"தெரியலை தம்பி" என்றேன். "டாக்டர் பாக்கலாம்னுதான் சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் அவர் அழுதார். அவருக்கு லீவு கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது.