சோடாக் கீரை

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, நாற்பதை நெருங்கும்போதுதான் முனைவர் பட்ட ஆசை வந்தது. நான்குவழிச் சாலைக்காக மரங்களை வெட்டிக்கொண்டிருந்த காலம். காற்றில் கரியமில வாயு கூடினால் கீரை எப்படி வளரும், அதற்கு மண்ணில் தழைச்சத்து எவ்வளவு வேண்டும் என்பதே என் ஆய்வு.

மயிலம் போகும் வழியில் கீரை பயிரிடும் கணவனும் மனைவியும் நிலத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். சோதனைக்கு நான் கொஞ்சம் இலை எடுத்ததுபோக மீதியெல்லாம் அவர்களுக்கு என்பது பேச்சு. மேலே திறப்பு வைத்த பாலிதீன் கூண்டுகள் கட்டினோம். பாதிக் கூண்டுகளுக்கு வாயு, பாதிக்கு வெறும் காற்று. இரண்டு வகையிலும் சிலவற்றுக்கு மட்டும் தழைச்சத்துக்காக யூரியா. வாயு சிலிண்டரை விழுப்புரத்திலிருந்து சோடா கம்பெனிக்காரர் ஒருவர் பழைய டெம்போவில் கொண்டுவருவார். அந்த வண்டி விடும் புகை, மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த மாதா படம்வரை போகும்.

நிலத்துக்காரர் ஒருநாள் கேட்டார். “இந்தப் பொகையிலயும் அதே வாயுதான டீச்சர்? வண்டிய கூண்டாண்டயே நிறுத்திட்டா சிலிண்டர் மிச்சம்.”

“அதுல வேற அழுக்கெல்லாம் கலந்திருக்குங்க. எனக்குச் சுத்தமானது வேணும்” என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

முதல் பருவத்தில் சிறுகீரை விதைத்தேன். தினமும் பஸ்ஸில் போய் அளந்தேன். வாயுக் கூண்டிலும் வெறுங்காற்றிலும் அது ஒரே உயரத்தில் நின்றது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனேன்.

“சிறுகீரையா?” என்றார். “அது காத்துல இருக்கிற கொஞ்சத்தையே இலைக்குள்ள சேத்து வச்சுக்கிற ஜாதி. மேல குடுத்தாலும் அதுக்கு வேண்டாம்மா. பாடத்துல இருக்கே.”

பாடத்தில் இருந்தது. வருடாவருடம் அதை நடத்தியவளும் நான்தான்.

அடுத்த பருவத்துக்குப் பாலக்கீரை போட்டேன். அது ஏமாற்றவில்லை. யூரியா இல்லாத வாயுக் கூண்டில் முதலில் வேகமாகக் கிளம்பி, பிறகு மண்ணில் சத்துத் தீர்ந்ததும் வெளுத்து நின்றுவிட்டது. வாயுவும் யூரியாவும் சேர்ந்த கூண்டில் ஒவ்வொரு இலையும் உள்ளங்கையை மறைத்தது. நிலத்துக்கார அம்மா மிச்சத்தை அறுத்துத் திண்டிவனம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். விஷயம் அங்கேயும் பரவி, ஜனங்கள் ‘சோடாக் கீரை’ என்று பெயர் சொல்லியே கேட்டு வாங்கினார்கள்.

பிறகு ஆய்வக முடிவு வந்தது. வெறுங்காற்றில் யூரியாவோடு வளர்ந்த சின்ன இலையைவிட, அந்தப் பெரிய இலையில் எடைக்கு எடை புரதம் குறைவு. என் ஆய்வுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, கவலையான முகத்தோடு அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“சாப்புட்டா ஒடம்புக்கு எதுனா ஆவுமா டீச்சர்?”

“ஒண்ணும் ஆகாது. சத்துதான் கொஞ்சம் கம்மி.”

“அவ்ளோதானா? நான் பயந்துட்டேன். சின்னதா கீற எலைய யாரு வாங்குறாங்க?” என்று கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். “அடுத்த சிலிண்டரு எப்ப வரும்?”

சிலிண்டர் வரவில்லை. ஆய்வு முடிந்து கூண்டுகளைப் பிரித்தபோது அவருக்கு என்மேல் வருத்தம்தான். பாலிதீனை மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. வெளியூர்த் தேர்வாளர் நெடுநேரம் குடைந்தார். வருங்காலத்தில் உலகம் முழுவதும் கீரை இப்படித்தான் விளையும், தட்டு நிறைந்திருக்கும், சத்து குறைந்திருக்கும் என்று முடித்தேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. கைதட்டினார்கள்.

மதியம் அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. பொருத்தமாக இருக்கட்டும் என்று பாலக்கீரை கடைந்திருந்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: “ஆனா ஒண்ணும்மா, புரதம் கொறைஞ்சா என்ன இப்போ? நாம பருப்பு போட்டுத்தானே கடையறோம்.”

நல்லவேளை, தேர்வு அறையில் இதைக் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி பரிமாறினேன்.