மோட்சத்துக்கு ஒரு ஜட்கா வண்டி

"சிங்கத்தோட வாயைப் பாருங்க சார். ராஜா வரும்போது மட்டும் மூடிக்கினு இருக்குமாம்" என்று காஞ்சி கைலாசநாதர் கோயில் தூணைக் காட்டுகிறார் சிட்டிபாபு. அவர் வண்டியில் வந்த சென்னைக்காரர்கள் பார்க்கிறார்கள். வாய் திறந்திருக்கிறது. ஆக, ராஜா வரவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

ஜட்கா ஓட்டுவது அவர் தொழில். சரித்திரம் சொல்வது இலவசம். இலவசம் என்பதால் அதில் சிக்கனம் கிடையாது. கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ஆளுக்கு ஏற்ப மாறுவான். வக்கீல் வந்தால் நீதி தவறாதவன். புதுமணத் தம்பதி வந்தால் காதலிக்காகக் கட்டியவன். வருமானவரி ஆபீசர் வந்தால், ஆயுள் முழுக்க வரியே வாங்காத மகராசன்.

பெருமாள் கோயிலிலிருந்து ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகப் பிள்ளையார்பாளையத்தைச் சுற்ற வேண்டும் என்பது பூகோளத்துக்குத் தெரியாது. அவர் குதிரைக்குத் தெரியும். அங்கேதான் அவர் மனைவி கலாவதியின் இட்லிக் கடை. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லி. பல்லவர் சிற்பங்களின் உறுதி அதிலும் உண்டு.

கைலாசநாதர் கருவறையைச் சுற்றி இருட்டாக ஒரு குறுகிய பாதை. ஒரு பொந்தில் தவழ்ந்து நுழைந்து, சுற்றிவந்து, மறு பொந்தில் வெளிப்பட்டால் மறுபிறவி கிடையாது என்பது நம்பிக்கை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களை அப்படி மோட்சத்துக்கு அனுப்பிவைத்த சிட்டிபாபு, தாம் மட்டும் நுழைந்ததில்லை. அவர் வண்டியில் அடிக்கடி ஏறுகிறவன் என்ற உரிமையில் காரணம் கேட்டேன். கல்யாணமான புதிதில் நுழையப் போனவரைக் கலாவதி சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ மட்டும் தப்பிச்சிக்கலாம்னு பாக்கறியா?" என்றாளாம். அதோடு சரி.

போன மாதம் நானும் கோயிலில் இருந்தபோது ஓர் அதிகாரி மனைவியோடு வந்தார். எந்த இலாகா என்பது வேண்டாம், பதவிக்கேற்ற உடம்பு. நுழையும்போது மூச்சை அடக்கிக்கொண்டவர், வெளியே வரும்போது மோட்சம் உறுதி என்ற நிம்மதியில் மூச்சை விட்டுவிட்டார். தலையும் தோளும் இந்தப் பக்கம், தொந்தி அந்தப் பக்கம். குருக்கள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. முகம் வெளுத்து, மூச்சு முட்டுகிறது என்று அதிகாரி முனகினார். அந்த அம்மாள் அழத் தொடங்கினாள். பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் உண்டு.

எல்லோரும் சிட்டிபாபுவைப் பார்த்தார்கள். அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "கலாவதி காதுல யாரும் போடாதீங்கபா" என்று சொல்லிவிட்டு முதல் பொந்தில் நுழைந்தார்.

உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "பயப்படாத சார். மூச்சை முழுசா வெளிய வுடு. மோட்சம் எங்கியும் ஓடிடாது."

தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. அதிகாரி வெளியே வந்து விழுந்தார். தள்ளிய வேகத்தில் சிட்டிபாபுவும் பின்னாலேயே வந்து விழுந்தார். அதிகாரி முதலில் ஈசனுக்கும், பிறகு குருக்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பட்டியலில் மூன்றாவது பெயர் இல்லை.

சிட்டிபாபு அதைக் கவனிக்கவே இல்லை. முழங்கால் சிராய்ப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார். "அவ இல்லாம அங்க போயி நான் இன்னா பண்ணுவேன் சார்?" என்று என்னைக் கேட்டார். நாள் முழுக்கப் பொய் சொல்லும் மனிதர் இதை மட்டும் மெய்யாகவே நம்பியிருந்தார்.

செய்தி குதிரைக்கு முன்பே பிள்ளையார்பாளையம் போய்விட்டது. கலாவதி திட்டவில்லை. தட்டில் இட்லியை வைத்தாள், சட்னி வைக்கவில்லை. அவருக்கு அதுவே போதுமான தண்டனை.

மறுநாள் காலை, ஒரு வக்கீல் குடும்பத்துக்கு நீதி தவறாத மன்னனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டுக் கலாவதி வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, பொந்துக்குள் போய்விட்டாள்.

மன்னன் பாதி வாக்கியத்தில் நின்றான். சிட்டிபாபு ஓடிப்போய் மறு பொந்தின் வாயில் மண்டியிட்டு, இருட்டுக்குள் கையை நீட்டினார்.

கலாவதியின் கை வந்தது. நீட்டிய கையைத் தட்டிவிட்டது. அவர் தோளில் கிடந்த துண்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதிலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.